பச்சைத் தாளில் வந்த வெங்காயம்

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தப் போகிறவர்களே, முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுங்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற யாரும் உங்கள் பாடத்துக்காக வரவில்லை. கறுப்புக் கோட்டுப் போடும் ஆசையில் வந்தவர்கள். போகிற வழியில் பொருளியல் என்று ஒரு தாள் குறுக்கே நிற்கிறது, அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் குறுக்கே நிற்கிற வேலையை நான் முப்பது வருடம் செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பாடத்திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அது உங்கள் மேஜையிலேயே இருக்கும். நான் செய்த ஒரு மடத்தனத்தை மட்டும் சொல்கிறேன். மீதியை நீங்களே சொந்தமாகச் செய்துகொள்ளலாம்.

எண்பதுகளில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு புதிதாக வந்திருந்த நேரம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன்கள் தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தார்கள். நுண்ணியல் பொருளாதாரமும் பேரியல் பொருளாதாரமும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு தாள். கூட்டமாகப் போய் எழுதினார்கள், கூட்டமாகத் தோற்றார்கள். தோற்றவர்களுக்குப் பெரம்பலூரில் ஒரு டுடோரியலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். அது ஓர் உரக்கடையின் மாடி. கீழே யூரியா, மேலே கல்வி, இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. மற்ற நாட்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் அங்கேதான் பாடம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அரியலூரில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடித்தனம் வைத்திருந்தேன்.

வக்கீலாகப் போகிறவனுக்குப் பொருளியல் நடத்துவது எப்படி இருக்கும் என்று உங்களில் புதியவர்களுக்குத் தெரியாது. "விலை கூடினால் தேவை குறையும், மற்றவை மாறாதிருக்கும்போது" என்பேன். முதல் பெஞ்சில் சாதிக் எழுந்து நிற்பான்.

"மற்றவைன்னா எவை எவை சார்? லிஸ்ட் வேணும். லிஸ்ட் இல்லாம அதெல்லாம் மாறலைன்னு எப்படி ஒத்துக்கிறது?"

பணவீக்கம் என்றால், அதற்கு யார் மேல் வழக்குப் போடுவது என்று கேட்பான். நாட்டு வருமானம் என்றால், அது எந்தக் கோர்ட்டு எல்லைக்குள் வருகிறது என்பான். கெட்டிக்காரப் பையன். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கரும்பலகையில் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்துகொண்டிருந்தேன். வாங்குகிறவர்களின் கோடு மேலிருந்து கீழே சரியும், விற்கிறவர்களின் கோடு கீழிருந்து மேலே ஏறும், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் விலை நிற்கும். என் கோடுகள் மிக அழகாக இருக்கும் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அப்போது சாதிக் எழுந்தான்.

"சார், வெலை ஏறுனா நெறைய விப்பாங்கன்னு சொல்றீங்க. யாரு சொன்னது? நீங்க சொல்றீங்க. உங்களுக்கு யாரு சொன்னது? புஸ்தகம். புஸ்தகத்துக்கு யாரு சொன்னது? இது செவிவழிச் சாட்சியம் சார். செல்லாது."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சாட்சிதானே வேண்டும்? போய் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றேன். பாதிப் பேர் பாடாலூர், வாலிகண்டபுரம் பக்கம் போய்ச் சின்ன வெங்காயம் போட்டிருக்கிற சம்சாரிகளைக் கேட்க வேண்டும்: கிலோ ஒரு ரூபாய் என்றால் எத்தனை மூட்டை விற்பீர்கள், ஒன்றரை என்றால் எத்தனை, இரண்டு என்றால் எத்தனை? மீதிப் பேர் பெரம்பலூர் டவுனில் மெஸ்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், கல்யாணச் சமையல்காரர்கள் எல்லோரையும் பார்த்து அதே விலைகளுக்கு எத்தனை மூட்டை வாங்குவார்கள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொன்னது. இதில் என்ன தப்பு நடக்கப் போகிறது என்று நீங்களும் நினைப்பீர்கள்.

படிவம் தயாரிக்கும் பொறுப்பைச் சிவலிங்கம் ஏற்றுக்கொண்டான். அமைதியான பையன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் அப்பா பத்திரம் எழுதுகிறவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் நான் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு, பிளஸ் டூ கணக்கு வாத்தியாரிடம் என் கோடுகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிவலிங்கம் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றான்.

"சார், கீழ 'முன்னிலை'ன்னு இருக்கு பாருங்க, அதுல ஒரு கையெழுத்து. டுடோரியல் சீல் நான் போட்டுக்கிறேன்."

பச்சைத் தாள். பத்திர ஆபீஸ் வாசலில் விற்பார்களே, அது. வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பேனா. முப்பது தாள்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. நண்பர்களே, நான் சொல்ல வந்த மடத்தனம் இங்கேதான் இருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் குஞ்சு குளுவான்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன்கள் விவரத்தோடு வந்தார்கள். தாள்களை எழுதிக் கொடுத்தவர்களிடமே விட்டுவிட்டு, எண்களை மட்டும் நோட்டில் குறித்து வந்திருந்தார்கள். அந்த எண்களை வைத்துக் கோடு போட்டால், அடடா, புத்தகத்தில்கூட அப்படி அமையாது. ஒன்று நாற்பதில் இரண்டும் வெட்டிக்கொண்டன. சாதிக் குனிந்து அந்தக் கோடுகளை நோட்டில் வரைந்துகொண்டான். அன்று அரியலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போனேன், அதுகூட சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை, நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தால், உரக்கடை வாசலில் மூன்று மாட்டு வண்டிகள் நிற்கின்றன. பதினெட்டு மூட்டை சின்ன வெங்காயம் தெருவில் அடுக்கியிருக்கிறது. ஐப்பசி மாதம், வானம் கறுத்துக் கிடந்தது. மூட்டைகளின் நடுவில் முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க வாத்யாரே. எனக்குத் தெரியாம வெங்காய மண்டி ஆரம்பிச்சிட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் ஓர் அம்மாள் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பொன்னம்மா, பாடாலூர்ப் பக்கம். ஆறு மூட்டை அவருடையது. மடியிலிருந்து பச்சைத் தாளை எடுத்துப் பிரித்து என் கையில் கொடுத்தார். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் படித்தேன்.

'அடியிற்கண்ட நான், எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன் எழுதிக் கொடுத்த சம்மதப் பத்திரம். கிலோ ஒன்றுக்கு ரூபாய் இரண்டு கிடைக்கும் பட்சத்தில் மூட்டை ஆறு தரச் சம்மதிக்கிறேன். மேற்படி சரக்கைப் பதினைந்து நாள் கெடுவுக்குள் மேற்படி டுடோரியல் வாசலில் ஒப்படைப்பேன். இதைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ரேகை வைத்தேன்.' மேலே ஒரு ரூபாய்க்கும் ஒன்றரைக்கும் இதே மாதிரி இரண்டு வரிகள் இருந்தன. அவற்றை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? கீழே ரேகை, டுடோரியல் சீல், முன்னிலை என்று என் கையெழுத்து, பிசிறில்லாமல்.

சிவலிங்கத்தைத் தேடினேன். மாடிப்படியில் நின்றிருந்தான்.

"கெடு, ஒப்படைக்கிற எடம், இதெல்லாம் ஏன்டா எழுதினே?"

"அது இல்லாம பத்திரம் முடியாது சார். எங்கப்பா திட்டுவாரு."

எல்லாத் தாளிலும் நான் வேலை கொடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியையே போட்டிருந்தான், அதிலிருந்து எண்ணினால் அன்றோடு பதினைந்து நாள் கெடு முடிகிறது. அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் வந்திருக்கிறார்கள். நான் பொன்னம்மாவிடம் திரும்பி, என்னால் முடிந்த அளவு பணிவாக, "அம்மா, இது சும்மா ஒரு கேள்விங்க. ரெண்டு ரூபா வந்தால் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டது" என்றேன்.

"பேச்சுக்குக் கேக்குறவங்க ரேகை வாங்குவாங்களா சார்? எங்க வூட்டுக் கல்யாணத்துக்கே இவ்ளோ வெவரமா எழுதலியே. பட்டறையப் பிரிச்சுல்ல கொண்டாந்துருக்கேன்."

பட்டறை என்பது வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்கிற கூரைப் பந்தல். ஒரு தரம் பிரித்து மூட்டை கட்டிவிட்டால், மழையில் நனைந்தால் போயிற்று, நாலு நாளில் அழுகிவிடும். நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன்.

இந்த நேரத்தில் தெருவின் மறுகோடியிலிருந்து டவுன்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முன்னால் ஒரு மெஸ்காரர். அவர் கையிலும் பச்சைத் தாள். அவருக்கு நினைவில் இருந்தது முதல் வரி மட்டும்.

"கிலோ ஒரு ரூவா போட்டு மூணு மூட்டை. இங்கதான் குடுக்குறீங்களா?"

ஆக, என் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் உரக்கடை வாசலில் நேருக்கு நேர் நின்றன. ஒன்று இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டு, மற்றது ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு. நடுவில் நான்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னார். "நாளைக்குக் காலையில யூரியா லாரி வருது. சாயங்காலத்துக்குள்ள இந்த வாசல் காலியாவணும். இல்லன்னா நாளையிலேருந்து நீங்க வர வேணாம்." சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். மூட்டைகள் நகர்ந்தால் என் வேலை இருக்கும், நகராவிட்டால் மழையில் அவர்கள் வெங்காயமும் போகும், அரியலூரில் என் குடித்தனமும் போகும்.

என் மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து வாதாட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் சம்சாரிகள் பக்கம், பாதிப் பேர் டவுன்காரர்கள் பக்கம். இது முடிந்துபோன ஒப்பந்தமா, பேரத்துக்கு வெறும் அழைப்பா? வாங்குகிறவர் பெயரே எழுதாத பத்திரம் செல்லுமா? சாதிக் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் பேசினான். என் பக்கம் ஒருத்தன்கூட இல்லை. சிவலிங்கம் மட்டும் என் காதருகில் வந்து, "பயப்படாதீங்க சார், நீங்க வெறும் சாட்சிதான். கேஸ் நடந்தா கூண்டுல ஏறி நின்னா போதும்" என்று ஆறுதல் சொன்னான்.

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பொருளியல் வாத்தியாருக்கு யோசனை தோன்றினால் பக்கத்தில் இருப்பவர்கள் விலகிக்கொள்வது நல்லது. மாடியிலிருந்து கரும்பலகையை இறக்கச் சொல்லி, அதில் என் இரண்டு கோடுகளையும் வரைந்தேன். விற்கிறவர்கள் இடது பக்கம், வாங்குகிறவர்கள் வலது பக்கம். நான் ஒவ்வொரு விலையாகச் சொல்வேன், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்க வேண்டும், இரண்டு பக்கமும் மூட்டை சரியாக வருகிற விலையில் முடித்துக்கொள்ளலாம். நோட்டில்தான் எனக்கு விடை தெரியுமே, ஒன்று நாற்பது.

"ரெண்டு ரூபா" என்றேன். இடது பக்கம் எல்லாக் கையும் மேலே. வலது பக்கம் மெஸ்காரர் செருப்பில் ஒட்டிய சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். "ஒரு ரூபா" என்றேன். வலது பக்கம் எல்லாக் கையும் மேலே, இடது பக்கம் ஒருவர் மாட்டை வண்டியில் பூட்டப் போனார். "இருங்க, இருங்க. ஒன்று நாற்பது."

ஒரு கையும் எழவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

ஒன்றரை என்றேன். இல்லை. ஒன்று முப்பது என்றேன். இல்லை. அப்புறம்தான் விளங்கியது. இந்த ஆள் சொல்லிக்கொண்டே இருப்பான், கொஞ்சம் பொறுத்தால் இன்னும் ஏறும் என்று அவர்களும், இன்னும் இறங்கும் என்று இவர்களும் காத்திருக்கிறார்கள். நான் ஏறி இறங்க, தெருவில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் இது என்ன சீட்டு ஏலமா, தள்ளு எவ்வளவு என்று விசாரித்தார்.

அந்த நேரம் பார்த்து முதல் தூறல் விழுந்தது. என் கோடுகள் கரும்பலகையில் கரைந்து வழிந்தன. நான் அவற்றைத் துண்டால் மூடப் போனேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூட்டைகளை அல்ல, கோடுகளை. பலகையை ஓரமாகச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். பொன்னம்மா மெஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மெஸ்காரர் தலையைச் சொறிந்தார். அவர் ஏதோ சொன்னார், இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மறுபடி பேசினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியிலும் ரிக்‌ஷாவிலும் ஏறிக்கொண்டிருந்தன.

ஆர்வம் தாங்காமல் மெஸ்காரரிடம் ஓடினேன். "என்ன விலைக்கு முடிஞ்சுதுங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கேக்குறீங்க? மறுபடி எழுதவா?"

சொல்லவே இல்லை. இன்றுவரை எனக்கு அந்த விலை தெரியாது.

கடைசியில் தெருவில் இரண்டு மூட்டைகள் மட்டும் மிஞ்சின. பொன்னம்மாவுடையவை. அவர் அவற்றின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, அதன் மேல் தானும் கவிழ்ந்த மாதிரி நின்றார். தூறல் வலுக்க ஆரம்பித்திருந்தது. மெஸ்காரர் அதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், விலையைக் கொஞ்சம் குறைத்து. எனக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. இரண்டு மூட்டை போனால் வாசல் காலி, வேலை மிச்சம். "குடுத்துடுங்கம்மா" என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது வேற ரகமாம்மா?" என்று கேட்டேன்.

"வெதைங்க சார். கார்த்தியில நடணும்."

"விதையை எதுக்கும்மா விக்கக் கொண்டாந்தீங்க?"

"நாலு மூட்டைதான் விக்கிறதுக்கு இருந்துச்சு. ரெண்டு ரூவான்னா எத்தனைன்னு அந்தத் தம்பி கேட்டுச்சு. ரெண்டு ரூவா எவன் தரப்போறான்னுட்டு, வெதையையும் சேத்து ஆறுன்னு சொன்னேன். அப்புறம் ரேகை வாங்கிட்டுப் போனீங்களா, நெசந்தான் போலன்னு நம்பிட்டேன்."

நான் கற்பனையாக ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நிஜமாக ஒரு ரேகை வாங்கியிருந்தேன். அங்கே நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூறல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்று மெஸ்காரரிடம் நானே சொன்னேன். ஒரு மூட்டையின் முனையைப் பிடித்தேன், தூக்க முடியவில்லை. சாதிக்கும் சிவலிங்கமும் வாதத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு மூட்டைகளையும் மாடிக்கு ஏற்றி வகுப்பறையில் வைத்தோம். மழை விட்டதும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பொன்னம்மா வண்டி ஏறினார்.

முதலாளி மாடிக்கு வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலி பண்ணச் சொன்னா மேல கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

சாதிக் எழுந்து நின்றான். "மொதலாளி, நீங்க வாசல காலி பண்ணணும்னுதான் சொன்னீங்க. மாடியப் பத்திப் பேச்சே இல்ல. முப்பது பேர் சாட்சி இருக்கோம்." பின்னால் முப்பது தலைகள் ஆடின. அன்றைக்குத்தான் அந்தப் பையன்கள் முதன்முதலாக என் பக்கம் ஆஜரானார்கள்.

முதலாளி குனிந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்தார். "வெதை வெங்காயமா? இப்படிக் கட்டி வச்சா புழுங்கிப் போயிரும்யா. இதுகூடத் தெரியாம என்ன வாத்யாரு நீங்க?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே அள்ளி அள்ளி பெஞ்சுகளின் மேல் பரப்பினார். நாங்களும் பரப்பினோம். எட்டு பெஞ்சும் நிறைந்தது. என் வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மழை பத்து நாளைக்கு மேல் விடவில்லை. அடுத்த ஞாயிறு வெங்காயம் உட்கார்ந்திருந்தது, முப்பது பேரும் சுவரோரமாக நின்று பாடம் கேட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். நான் கரும்பலகையில் மறுபடி கோடுகளை வரைந்துகொண்டிருந்தபோது பொன்னம்மா மாடியேறி வந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏன் சார், புள்ளைங்கள நிக்க வச்சிட்டு வெங்காயத்த ஒக்கார வச்சிருக்கீங்க?"

"அது குறுக்குக் கேள்வி கேக்காதுங்கம்மா" என்றேன். அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பையன்கள் விதையை அள்ளி மூட்டை கட்டினார்கள். ஒன்று இரண்டு சூம்பியதைப் பொன்னம்மா பொறுக்கி ஒதுக்கினார், மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. போகும்போது கரும்பலகையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். விலை ஏற ஏற நீங்களெல்லாம் எத்தனை மூட்டை விற்பீர்கள் என்கிற கோடு என்று சொன்னேன். கோட்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"அது மேல போய்க்கிட்டே இருக்கே சார். எந்த வெலைக்கும் தரமாட்டேன்னு எத்தன மூட்டை வச்சிருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"எத்தனைம்மா?" என்று கேட்டேன்.

"இந்த ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் படியிறங்கிப் போனார்.

நான் டஸ்டரை எடுத்து, என் கோட்டின் மேல்முனையில் இரண்டு மூட்டை அளவுக்கு அழித்தேன்.